மாதவிலக்கு நாளில் பல் எடுக்கலாமா?

"கீழ்க் கடைவாயில ஞானப்பல் எடுக்கத் தேதி குடுத்திருக்காவ. அன்னைக்கு வீட்டுக்குத் தூரமா இருப்பேன். ஆச்சி வேண்டாங்காவ. தள்ளிப்போடணுமா?" என்று பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்.

வேண்டியதில்லை. குழி ஆறுவதற்கு அந்த நாட்களே தோதானவை.

பல்லை எடுத்ததும் குழியில் ரத்தம் உறைந்து எலும்பை மூடும். அது 2 முதல் 4 நாளுக்குள் கரைந்துபோனால் எலும்பு வெளியே தெரியும், வலி காதுவரை இழுக்கும், வாய் நாறும். இதுதான் டிரை சாக்கெட். கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கே அதிகம் வரும்.

ஏன் கரைகிறது? உறைந்த ரத்தத்தைப் பிடித்து வைத்திருப்பவை ஃபைப்ரின் என்ற புரத இழைகள். அவற்றின் நடுவிலேயே பிளாஸ்மினோஜன் என்ற இன்னொரு புரதமும் செயலற்றுச் சிக்கிக் கிடக்கும். சுற்றியுள்ள திசுவில் சுரக்கும் நொதி ஒன்று பட்டதும் அது பிளாஸ்மினாக மாறி, தன்னைச் சுற்றியிருக்கும் இழைகளையே அறுக்கத் தொடங்கும். ரத்தம் உறையும்போதே, தன்னை வெட்டும் கத்தரியையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் உறைகிறது! புதுத்திசு வளர வளர வழிவிட வேண்டுமே, அதற்கான ஏற்பாடு. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கூடினால் பிளாஸ்மினோஜனும் கூடும்; அதை அடக்கி வைக்கும் புரதம் குறையும். வெட்டு நேரத்துக்கு முன்பே விழுந்துவிடுகிறது.

மாதவிலக்கு நாட்களில் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்திருக்கும். சுழற்சியின் நடுநாட்களில் பல் எடுத்தவர்களுக்கு டிரை சாக்கெட் கூடுதலாக வந்ததைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை விஷயத்தில் சான்று இன்னும் வலுவானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரை: 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. அந்த இரும்பு மாத்திரை நாட்களில் பல் எடுப்பது நல்லது.

முதல் இரண்டு நாள் வயிற்றுவலியோடு பல்வலியும் சேர்ந்தால் சிலருக்குத் தாங்காது, உண்மைதான். இரண்டுக்கும் ஐபுபுரூஃபன் கேட்கும். வயிற்றுப்புண்ணோ ஆஸ்துமாவோ இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தீட்டு என்று சொல்லி ஒரு பெண்ணை வீங்கிய கன்னத்தோடு வாரக்கணக்கில் உட்கார வைப்பது கொடுமை. நம் மாவட்டத்துப் பல் மருத்துவமனைகள் கேஸ் ஷீட்டில் கடைசி மாதவிலக்குத் தேதியை ஒரு வரி குறித்து வைத்தாலே, பைசா செலவில்லாமல் நல்ல ஆராய்ச்சி நடக்கும்.

எடுத்த பிறகு பஞ்சை 30 முதல் 45 நிமிடம் அழுத்திக் கடித்திருங்கள். 24 மணி நேரம் கொப்பளிக்கவோ காறித் துப்பவோ கூடாது. இளநீரானாலும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். உறிஞ்சும் வேகத்தில் உறைந்த ரத்தம் பெயர்ந்து வந்துவிடும். மூன்றாம் நாள் வலி குறையாமல் ஏறினால் உடனே டாக்டரிடம் போங்கள். குழியைச் சலைனால் கழுவி, யூஜினால் மருந்து வைப்பார். பெரும்பாலும் அன்றைக்கே வலி அடங்கும். யூஜினால் கிராம்பு எண்ணெயில் இருப்பதுதானே என்று வீட்டிலேயே பஞ்சில் நனைத்துத் திணிக்காதீர்கள், ஈறு வெந்துவிடும்.