தலைக்கு எண்ணெய்: குளிக்கும் முன்பா, குளித்த பின்பா?

குளிக்கும் முன் தலைக்கு எண்ணெய் வைப்பது நல்லதா, குளித்த பின் வைப்பது நல்லதா, அல்லது இந்தக் காலத்தில் எண்ணெயே தேவையில்லையா என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். பாட்டி ஒன்று சொல்ல, அழகு நிலையத்தில் வேறொன்று சொல்கிறார்களாம். முடி நனையும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால், இதற்கான விடை தானாகவே கிடைத்துவிடும்.

தோலுக்கு அடியில், மயிர்க்காலில் மட்டுமே முடிக்கு உயிர் உண்டு. அங்கே உருவாகும் செல்கள் கெரட்டின் என்னும் புரதத்தால் நிரம்பி, இறுகி, இறந்த பிறகே இழையாக வெளியே வருகின்றன. மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 60 செ.மீ. நீளக் கூந்தலின் நுனி 5 ஆண்டுகளாக வெயிலையும் சீப்பையும் ஷாம்பூவையும் தாங்கி வந்திருக்கிறது. உயிரில்லாத இழை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது. ஆகவே முடிப் பராமரிப்பு என்பது முழுக்க முழுக்கச் சேதத்தைத் தள்ளிப்போடும் வேலைதான். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்னும் நிலைத்திருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. வேண்டுதலுக்காக மொட்டை போடுவது அவரவர் பக்தி. ஆனால், வெளியே உள்ள இழையை மழித்த செய்தி உள்ளே இருக்கும் மயிர்க்காலுக்குப் போய்ச் சேர வழியே கிடையாது. மெலிந்த நுனிக்குப் பதிலாக வெட்டுப்பட்ட மழுங்கல் நுனி வெளியே வருவதால், தொட்டால் சொரசொரப்பாக இருக்கிறது, அவ்வளவே.

இழையின் மேற்பரப்பை ஒரு சிறு சோதனையால் விரல்களே உணர்ந்துவிடும். சீப்பில் வந்த நீளமான முடி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, அதன் நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னுமாகத் தேய்த்துப் பாருங்கள். முடி ஒரே திசையில், வேர் இருந்த பக்கம் முன்னே போகும்படி, ஊர்ந்து செல்லும். ஓட்டுக்கூரையில் ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதுபோல, முடியின் மேல் நுண்ணிய செதில்கள் நுனியை நோக்கிப் படிந்திருப்பதே இதற்குக் காரணம். நுனியை நோக்கி விரல் நகரும்போது வழுக்குகிறது. வேரை நோக்கி நகரும்போது செதில்களின் விளிம்பில் மாட்டி முடியை இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு செதிலும் ஏறத்தாழ அரை மைக்ரான் தடிமன்தான் (மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அப்படிப் பல அடுக்குகள் இருக்கின்றன. புதிய முடியில் இவற்றின்மேல் தண்ணீரை விலக்கும் மெல்லிய கொழுப்புப் பூச்சு ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் அலசியதில் நுனிப் பகுதியில் அது பெரும்பாலும் போய்விடுகிறது.

இனி தண்ணீர். நனைந்த முடியின் உள்ளே நுழையும் நீர், கெரட்டின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளை விலக்கிவிட்டுத் தான் அந்த இடத்தில் அமர்ந்துகொள்கிறது. சங்கிலிகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருப்பதால் நீருக்கு இடம் கிடைப்பது அவற்றின் நடுவேதான். அதனால் இழையின் விட்டம் ஏறத்தாழ 15 விழுக்காடு பருக்க, நீளம் 1 அல்லது 2 விழுக்காடு மட்டுமே கூடுகிறது. என்னை மிகவும் கவர்வது இதை அடுத்து நடப்பதுதான். ஒரே செதிலின் வெளிப்பாதியில் கந்தகப் பிணைப்புகள் நெருக்கமாக இருப்பதால் அது இறுக்கமானது. உட்பாதியில் அவை குறைவு என்பதால் அது நீரைக் குடித்து உப்புகிறது. ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் உப்பாதபோது, அரை மைக்ரான் தடிமனுள்ள அந்தச் செதில் வெளிநோக்கி வளைந்து, விளிம்பு தூக்கிக்கொள்கிறது! ஈரத்தலையில் சீப்பை வைத்து இழுக்கும்போது உடைவது இந்த விளிம்புகளே. காய்ந்ததும் எல்லாம் சுருங்கி அடங்கும். அடுத்த குளியலில் மறுபடியும் உப்பும். இப்படி உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கிச் செதில்கள் தேய்ந்து போன இடத்தில்தான் நுனி வெடிக்கத் தொடங்குகிறது.

எண்ணெயின் வேலை இந்த உப்பலைக் குறைப்பது. எல்லா எண்ணெயாலும் இது முடிவதில்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். 12 கார்பன் கொண்ட அதன் சங்கிலி குட்டையானது, நேரானது. புரதத்தோடு ஒட்டும் இயல்பும் அதற்கு உண்டு. செதில்களுக்கு இடையில் புகுந்து உள்ளே போய்விடும் அது, நீர் அமரவேண்டிய இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. ஆர்த்தி ரெலே, மொகிலே ஆகிய இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு, முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று கண்டார்கள். சூரியகாந்தி எண்ணெயின் சங்கிலிகள் நீளமானவை, இரட்டைப் பிணைப்புள்ள இடங்களில் வளைந்தவை. கனிம எண்ணெய்க்கோ புரதத்தோடு ஒட்டுறவே கிடையாது. நம்முடைய நல்லெண்ணெய் அந்த ஒப்பீட்டில் இல்லை. ஆனால் அதன் கொழுப்பமிலங்களும் பெரும்பாலும் நீண்டு வளைந்த வகையே.

அந்த ஆய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது என்பதையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. வேதியியல் காரணமும் அதற்குத் துணை நிற்கிறது. ஆனாலும், கோடிக்கணக்கானவர்கள் அன்றாடம் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிய அடிப்படைக் கேள்வியை ஒரு விற்பனை நிறுவனத்தின் செலவில் விட்டுவைத்திருப்பது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். தோல், புரத ஆய்வில் அனுபவம் மிக்க மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாற்றிலேயே இருக்கிறது. நல்லெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் சீயக்காயையும் அரப்பையும் பொதுப் பணத்தில் சோதித்து, முடிவுகளை மக்கள் மொழியில் வெளியிட்டால் என்ன?

ஆக, மாணவியின் கேள்விக்கு விடை: குளிக்கும் முன். நீர் நுழைவதற்கு முன்பே எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும் என்பதால், முதல் நாள் இரவோ சில மணி நேரம் முன்போ, வழியும் அளவுக்கு வேண்டாம், நடுப்பகுதியிலிருந்து நுனிவரை பூசினால் போதும். சிக்கை அப்போதே, நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாக எடுத்துவிடுங்கள். குளித்த பின் துண்டால் முறுக்கிப் பிழியாமல் ஒற்றி எடுங்கள். ஈர முடியில் ஸ்ட்ரெய்ட்னர் வைத்தால் உள்ளிருக்கும் நீர் கொதித்து இழைக்குள் குமிழிகளே உண்டாகும். அதைச் செய்யவே செய்யாதீர்கள். பொடுகு இருப்பவர்கள் மண்டையில் எண்ணெய் தேய்க்கக் கூடாது, ஏனென்றால் பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சைக்குக் கொழுப்பே உணவு.

எண்ணெயால் குறைவது முடி உடைதல் மட்டுமே. உங்கள் முடி உடைகிறதா, உதிர்கிறதா என்று அறிய, சீப்பில் வந்த முடியின் முனையைப் பாருங்கள்: வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு. கடும் காய்ச்சலோ பிரசவமோ கழிந்து இரண்டு மூன்று மாதங்களில் கொத்துக்கொத்தாக உதிர்வதும் உண்டு. போர் தண்ணீரையும் புது ஷாம்பூவையும் குறை சொல்வார்கள், ஆனால் காய்ச்சலின்போதோ பிரசவத்தின்போதோ ஓய்வுக்குப் போன மயிர்க்கால்களே காரணம், பெரும்பாலும் சில மாதங்களில் அவை மீண்டும் வளரத் தொடங்கிவிடும். வட்ட வட்டமாகத் திட்டுகள் விழுந்தாலோ, ஆறு மாதம் கடந்தும் உதிர்வு நிற்காவிட்டாலோ, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.