வேலூரில் ஃப்ளூ ஊசி: அரசு தருவது எது, நம் பையிலிருந்து போவது எது

"முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, அதைக் காட்டினால் ஃப்ளூ ஊசி போடுவார்களா?" மழைக்காலம் நெருங்கினால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். போட மாட்டார்கள். அந்த அட்டை ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது, ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவதற்கு அதில் இடமில்லை. ஆனால் பதிலை அதோடு நிறுத்திக்கொண்டால், இதே காய்ச்சலுக்கு அரசு காசில்லாமல் தருகிற மற்றவை தெரியாமலே போய்விடும். அது தெரியாததால்தான் சாதாரணக் காய்ச்சலுக்கும் ஏதாவது கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு, ஒரு வாரக் கூலியைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

முதலில் தடுப்பூசி விஷயத்தைப் பார்த்துவிடுவோம். குழந்தைகளுக்கு அரசு இலவசமாகப் போடும் ஊசிகளுக்கு ஒரு தேசிய அட்டவணை இருக்கிறது. பிறந்ததும் போடும் பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட், ரோட்டா, தட்டம்மை-ரூபெல்லா எல்லாம் அதில் வரும். பெண்டாவேலன்ட் ஊசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும்தான். இந்த அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. குழந்தைக்கும் இல்லை, பெரியவர்களுக்கும் இல்லை.

மத்திய சுகாதார அமைச்சகம் ஃப்ளூ ஊசியைப் பரிந்துரைக்கிறது என்பதும் உண்மை. மருத்துவப் பணியாளர்கள், கர்ப்பிணிகள், நாட்பட்ட நோயுள்ள முதியவர்கள் ஆகியோர் போட்டுக்கொள்வது நல்லது என்பது அதன் வழிகாட்டுதல். பரிந்துரை வேறு, கையில் கொடுப்பது வேறு. ரேஷன் கடையில் அரிசி கேட்பதுபோல உரிமையாகக் கேட்டு வாங்கக்கூடிய பொருளாக இது இன்னும் ஆகவில்லை. கர்ப்பிணிகள் மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமைப் பரிசோதனைக்குப் போகும்போது செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இருப்பு இருந்தால் அங்கேயே வேலை முடிந்துவிடும். கர்ப்ப காலத்தின் எந்த மாதத்திலும் இந்த ஊசி போடலாம். பிறக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் வரை ஃப்ளூ ஊசி போட முடியாது என்பதால், தாய் போட்டுக்கொள்வதுதான் குழந்தைக்கும் காவல்.

மற்றவர்கள் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஓர் ஊசி ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கும் போடுவது எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுபடியாகாது. என்னைக் கேட்டால் வரிசை இப்படி: 65 வயதைத் தாண்டியவர்கள் முதலில். அப்புறம் எந்த வயதானாலும் சர்க்கரை, இதயக் கோளாறு, சிறுநீரக நோய், ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சிரைப்பு உள்ளவர்கள். அடுத்து ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள். நோய்நொடி இல்லாத இருபத்தைந்து வயதுப் பையனுக்கு ஊசி போடும் காசில் அவன் நைனாவுக்குப் போடுவது மேல். குடியாத்தம் பக்கம் பல வருஷமாகப் பீடி சுற்றி, இப்போது மாடிப்படி ஏறினால் இரைக்கிற அத்தை வீட்டில் இருந்தால், வயது ஐம்பதுதான் என்றாலும் அவரை முதல் வரிசையில் சேருங்கள்.

ஊசி எப்போது போடுவது? தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையோடு ஃப்ளூ கூடும், தை மாசி வரைக்கும் இழுக்கும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே ஆவணியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ போட்டுவிட்டால் ஐப்பசி மழைக்கு உடம்பு தயாராக இருக்கும். வருஷா வருஷம் ஏன் போட வேண்டும் என்றால், ஃப்ளூ வைரஸ் தன் உருவத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது, உடம்பில் உண்டான எதிர்ப்பும் மாதங்கள் போகப் போகக் குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் பூமியின் வட பாதிக்கும் செப்டம்பரில் தென் பாதிக்கும் எந்த வைரஸ் வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று அறிவிக்கும். அதன்படி ஒவ்வொரு வருஷமும் புது ஊசி வரும்.

மருந்துக்கடையில் வாங்கும்போது பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். எந்தப் பருவத்துக்கான ஊசி என்று ஆண்டு போட்டு அச்சிட்டிருப்பார்கள், பக்கத்திலேயே காலாவதித் தேதி இருக்கும். போன வருஷத்துச் சரக்கைத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இந்த ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. வேலூர் வெயிலில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளினிக் தேடி அலைந்தால் ஊசி வீணாகிவிடும். ஐஸ் பையோடு கட்டித் தரச் சொல்ல வேண்டும். அதைவிட, ஊசியைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து அங்கேயே போடுகிற ஆஸ்பத்திரிக்குப் போவது நிம்மதி. எட்டு வயது வரையுள்ள குழந்தைக்கு முதல்முறை போடுவதென்றால் நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

போட்ட இடத்தில் வலி, ஒரு நாள் லேசான காய்ச்சல் வரலாம். ஊசியாலேயே ஃப்ளூ வந்துவிட்டது என்று சொல்வார்கள், இறந்த வைரஸின் துண்டுகளால் ஆன ஊசியால் அது நடக்காது. அதே சமயம் போட்டவருக்கு ஃப்ளூவே வராது என்றும் யாரும் உறுதி தர முடியாது. ஊசியும் ஊரில் சுற்றும் வைரஸும் நன்றாகப் பொருந்துகிற வருஷத்தில் 40 முதல் 60 சதவீதம் வரை பாதுகாப்பு கிடைக்கிறது. வந்தாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு முற்றுவது குறையும், வயதானவர்களுக்கு அதுவே பெரிது.

காய்ச்சல் வந்துவிட்டால்

இங்கேதான் அரசு ஏற்பாடு நிஜமாகவே உதவுகிறது. ஃப்ளூ மாதிரிக் காய்ச்சலை அரசு மருத்துவர்கள் ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி என்றால் அது ஏ. பரிசோதனை வேண்டாம், வைரஸை அடக்கும் மாத்திரையும் வேண்டாம். வீட்டில் ஓய்வு, பாராசிட்டமால், கஞ்சி, வெந்நீர் போதும். ஓரிரு நாளில் எப்படி இருக்கிறது என்று மறுபடி காட்ட வேண்டும். கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் இருந்தாலோ, அறிகுறி லேசாகவே இருந்தும் நோயாளி கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை அல்லது இதய நோய் உள்ளவர் என்றாலோ பி. இவர்களுக்கு ஃப்ளூ வைரஸை அடக்கும் ஒசெல்டமிவிர் மாத்திரை தர வேண்டும், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், நகம் நீலமாவது, தூங்கி விழுவது என்றால் சி. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், 108ஐக் கூப்பிடத் தயங்கக் கூடாது.

ஒசெல்டமிவிர் அரசு மருத்துவமனைகளில் இலவசம். காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, ஐந்து நாள். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து மாறும். இரண்டாம் நாளே தெம்பு வந்துவிட்டது என்று மீதியை அலமாரியில் போட்டுவைக்கக் கூடாது. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பதால், "பவரான மாத்திரையா குடுங்க" என்று டாக்டரை நெருக்குவதிலும் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. இதே மாதங்களில்தான் டெங்குவும் வரும். எது என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் ப்ரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் இரண்டு மூன்று நாள் நீடித்தால் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது.

எங்கே போவது என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் முதலில். அங்கே முடியாததற்குக் குடியாத்தம், வாலாஜாபேட்டை, திருப்பத்தூர் அரசு மருத்துவமனைகள், அதற்கும் மேல் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி. அடுக்கம்பாறை ஊருக்கு வெளியே திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. பெண்களுக்கு நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவாவது மிச்சம். எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் 104க்குப் போன் செய்து கேட்கலாம்.

கம்பெனியில் வேலை செய்பவர்கள்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் ஃப்ளூவோடு வேலைக்குப் போவதற்கு ஒரே காரணம், லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்ற பயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் நடக்கிறது என்றால், நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. ஆறு மாதப் பிடித்தக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பிடித்தம் செலுத்தியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இதில் பலர் கோட்டைவிடுவது சான்றிதழில். வெளி டாக்டரிடம் காட்டிவிட்டு வேலைக்குத் திரும்பிய பிறகு, "நாலு நாள் படுத்திருந்தேன்" என்று சொன்னால் பணம் வராது. படுத்த நாளிலேயே இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பதிந்து, ஓய்வு தேவை என்று அந்த மருத்துவர் தரும் சான்றிதழைக் கையில் வாங்க வேண்டும். வேலைக்குப் போகலாம் என்ற சான்றிதழும் அவரிடமே வாங்க வேண்டும். இரண்டையும் கிளை அலுவலகத்தில் கொடுத்தால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். நோயின் முதல் இரண்டு நாளுக்கு உதவித்தொகை கிடையாது. மூன்று நாள் ஃப்ளூவுக்கு ஒரு நாள் காசுதான் தேறும், அதற்கு இவ்வளவு அலைச்சலா என்று கேட்டால் நியாயம்தான். நிமோனியா ஆகிப் பதினைந்து நாள் படுத்துவிட்டால் அந்தக் காகிதத்தின் அருமை தெரியும். அட்டையில் பெயர் சேர்த்திருந்தால், உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் உண்டு. அவர்களுக்கு வெளியே காசு கொடுத்து மருந்து வாங்குவதற்கு முன் அட்டையில் யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

மற்ற சில

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வரும். சுகாதார நிலையத்தில் மருத்துவர் பார்த்துப் பெயர் பதிந்த பிறகு, மகளிர் தன்னார்வலர் கருவியோடு வந்து அளந்துவிட்டு மாத்திரை கொடுத்துப் போவார். எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் உண்டு. ஃப்ளூவில் மோசமாகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருக்கிறவர்கள்தான். யாருக்கு ஊசி தேவை என்ற கணக்கு அரசின் கையில் ஏற்கெனவே இருக்கிறது, அவர்களுக்காவது இலவசமாகப் போடலாம் என்பது என் ஆசை.

குழந்தைக்கு நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி இப்போது அரசு அட்டவணையில் இருக்கிறது: ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம். தனியாரில் ஆயிரக்கணக்கில் ஆகும் இந்த ஊசியைப் புதன்கிழமை சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஃப்ளூவுக்குப் பின்னால் வருகிற நிமோனியாவில் இந்தக் கிருமிக்குப் பெரிய பங்கு இருப்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். நாய்க்கடி ஊசியும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அதற்குமுன் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வேண்டாம்.

கடைசியாக அந்தக் காப்பீட்டு அட்டை. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும். ஃப்ளூ முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் நிலை வந்தால், சேர்க்கும்போதே காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். எந்தச் சிகிச்சை பட்டியலில் வரும், இந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதி உண்டா என்று அங்கே சொல்வார்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம். அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆற்காடு, வாலாஜாக்காரர்களுக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூர், மற்றவர்களுக்கு வேலூர் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரி. போகுமுன் ரேஷன் கார்டைப் புரட்டிப் பாருங்கள். குடும்பம் என்று அவர்கள் எடுத்துக்கொள்வது அதில் உள்ள பெயர்களைத்தான். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் அம்மா வீட்டுக் கார்டிலேயே இருந்தால், முதலில் அதை மாற்றிக்கொண்டு அப்புறம் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள்.