மூலையில் ஒட்டிய சதுரம்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மகள் கொழும்பு மருத்துவ பீடத்தில் படிக்கிறாராம். ஆய்வுக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். "ஒருவருடைய எச் சுட்டெண் 27, மற்றவருடையது 9 என்கிறார்கள். அப்படியென்றால் முதலாமவர் மூன்று மடங்கு கெட்டிக்காரரா?"

நல்ல கேள்வி. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பயன்படுத்துகிறவர் தன் கட்டுரையின் கடைசியில் அதைக் குறிப்பிடுவார். அதுதான் மேற்கோள். யூஜின் கார்ஃபீல்ட் 1964 இல் இந்த மேற்கோள்களைத் தொகுத்துப் புத்தகமாக அச்சிடத் தொடங்கினார். இன்று கூகுள் ஸ்கொலர் போன்றவை அதைத் தாமே எண்ணிவிடுகின்றன. 2005 இல் கலிபோர்னியாவில் ஜோர்ஜ் ஹேர்ஷ் என்ற இயற்பியலாளர், ஒருவரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணில் சொல்ல வழி கண்டார். அதுதான் எச் சுட்டெண்.

ஒரு கணக்குக் கொப்பியும் பென்சிலும் எடுங்கள். ஒருவர் ஏழு கட்டுரை எழுதியிருக்கிறார். அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் 40, 12, 7, 5, 4, 1, 0 என்று வைப்போம். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு தூண், ஒரு மேற்கோளுக்கு ஒரு கட்டம். உயரமான தூணை இடது ஓரத்தில் வைத்து, வரிசையாக இறங்கி வாருங்கள். சரி, இப்போது கீழே இடது மூலையில் ஒட்டினாற்போல, தூண்களுக்குள் அடங்கக்கூடிய ஆகப் பெரிய சதுரத்தை வரையுங்கள். நாலுக்கு நாலு வரும். முதல் நான்கு தூண்களும் குறைந்தது 4 கட்டம் உயரம்; ஐந்தாவதற்கு 5 கட்டம் இல்லை. ஆகவே அவருடைய எச் சுட்டெண் 4.

முதல் தூணை 40 இலிருந்து 400 ஆக்கினாலும் சதுரம் அசையாது. ஐந்தாவது கட்டுரையை இன்னும் ஒரேயொருவர் மேற்கோள் காட்டினால் போதும், அது ஐந்துக்கு ஐந்தாகிவிடும். புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொன்ன லோரியின் 1951 ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 3 இலட்சத்துக்கும் மேல் மேற்கோள் உண்டு. சதுரத்தைப் பொறுத்தவரை அதுவும் ஒரு தூண்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான். இந்தச் சதுரம் ஹேர்ஷுக்கு நூறு வருடத்துக்கு மேல் மூத்தது. 19 ஆம் நூற்றாண்டிலேயே கணிதத்தில் இதற்கு டர்ஃபி சதுரம் என்று பெயர். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பது அங்கே கேள்வி. பிரித்த ஒவ்வொரு துண்டையும் ஒரு தூணாக நிறுத்தினால் நம் கொப்பியில் உள்ளது போன்ற படம்தான் வரும். 4 ஐ ஐந்து விதமாகப் பிரிக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 100 ஐ எடுத்தால் 19 கோடிக்கும் மேற்பட்ட விதங்கள். இந்த எண்ணிக்கை எவ்வளவு வேகமாகப் பெருகும் என்று 1918 இல் ஹார்டியுடன் சேர்ந்து சூத்திரம் தந்தவர் நம் இராமானுஜன். நம்முடைய ஏழு கட்டுரைகளும் 69 என்ற எண்ணின் ஒரு பிரிப்புத்தானே, 40+12+7+5+4+1!

ஓர் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு விதமாகப் பிரித்தால் அந்தச் சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்கும்? எண் பெரிதாக இருந்தால், பக்கம் அதன் வர்க்கமூலத்தின் 0.54 மடங்குக்குக் கிட்ட வரும். 2014 இல் அலெக்சாண்டர் யோங் என்ற கணிதவியலாளர் இதை எச் சுட்டெண்ணோடு பொருத்திக் காட்டினார். நம் 69 க்குப் போட்டுப் பார்த்தேன், 4.5 வந்தது. அதாவது மொத்த மேற்கோள் தெரிந்தால் எச் சுட்டெண்ணை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். 27 க்கு சுமார் 2500 மேற்கோள், 9 க்கு சுமார் 280. வாசகர் மூன்று மடங்கு என்றார். மேற்கோளில் அது ஒன்பது மடங்கு. கெட்டிக்காரத்தனம் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

வயது வருகிறது, ஏனென்றால் சதுரம் வளருமே தவிரச் சுருங்காது. துறையும் வருகிறது. டெங்கு பற்றி உலகெங்கும் எழுதுகிறார்கள். இலங்கையில் விஷப்பாம்புக் கடிகளில் பெரும்பங்கு, மூக்கு மேல்நோக்கி நீண்ட சிறிய குழிவிரியனுடையது. இந்தியாவிலிருந்து இறக்குமதியாகும் நச்சுமுறி மருந்து அதற்கு வேலை செய்வதில்லை. அதை ஆராய்கிறவருக்கு மேற்கோள் காட்ட உலகில் எத்தனை பேர் இருப்பார்கள்? இந்த நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது தேசிய உற்பத்தியில் ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் அளவுதான். அந்த ஒரு ரூபாயைச் சுட்டெண் பார்த்துப் பங்கிட்டால் இந்தக் கடிக்கு மருந்து எப்போது வரும்? எண்ணைச் சாதகம் போல நம்புவதை விட்டு, இரண்டு பேரின் அண்மைக் கட்டுரைகளிலும் நாலைந்தை உங்கள் மகள் உட்கார்ந்து வாசிக்கட்டும். அவர்களுடைய பழைய மாணவர்களிடமும் விசாரிக்கட்டும்.

அப்புறம், நம் பெயர்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு கட்டுரையில் தந்தை பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், இன்னொன்றில் முழுசாகப் பின்னால் போகும், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் வந்து சேரும். கணினி இரண்டு ஆட்கள் என்று நினைத்துவிடும். நம் ஏழு கட்டுரைகளில் 40, 7, 4, 0 ஒரு பெயரிலும் 12, 5, 1 மற்றப் பெயரிலும் போனால், 4 ஆக இருந்த சதுரம் 3 ஆகவும் 2 ஆகவும் உடைகிறது. ஆகவே முதல் கட்டுரையை அனுப்புமுன் பெயரை எப்படி எழுதுவது என்று மகள் தீர்மானிக்கட்டும். 2012 முதல் ஆய்வாளர்களுக்கு ஓர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இலவசமாகக் கிடைக்கிறது, அதையும் எடுத்துவைக்கட்டும். அதன் கடைசி இலக்கம் முந்திய 15 இலிருந்து கணக்கிடப்படுவது. நடுவில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.