விட்ஜெட்: தமிழில் என்ன சொல்வது?

“அக்கா, விட்ஜெட்னா என்னக்கா? பட்டனையும் விட்ஜெட்டுங்கிறாங்க. சும்மா எழுத்து மட்டும் காட்டுற லேபிளையும் விட்ஜெட்டுங்கிறாங்க. போன்ல இன்னைக்கு மழை வருமான்னு காட்டுற கட்டமும் விட்ஜெட்டாம். மூணு நாளா வீடியோ பாக்குறேன், ஒண்ணும் பிடிபடல.”

கேட்டவள் எங்கள் தெருவில் இருக்கும் பி.காம். மாணவி. அவள் அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். அளவு நோட்டு தாள் தாளாகக் கிழிந்துபோகிறது என்று, கடைக் கணினியில் அளவு எழுதிவைக்க ஒரு செயலி செய்யக் கிளம்பியிருக்கிறாள். வெறும் படிவமாக இருந்தால் அம்மாவுக்குப் பிடிக்காதாம். திரையில் ஓர் உடல் உருவம் வேண்டும். தோளைத் தொட்டால் தோள் அளவு, இடுப்பைத் தொட்டால் இடுப்புச் சுற்று என்று எண் எழுதும் கட்டம் அங்கேயே திறக்க வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியையும், திரையில் பொத்தான், கட்டம் எல்லாம் வைக்க அதோடு சேர்ந்தே வரும் டிகேஇன்டரையும் வைத்துத் தொடங்கியவள், முதல் பாடத்தின் முதல் வரியிலேயே இந்தச் சொல்லில் இடறி நின்றுவிட்டாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. இத்தனை வருடமாக நாள்தோறும் புழங்கும் சொல்தான். ஆனால் ‘பட்டன், லேபிள் இதெல்லாம் விட்ஜெட்’ என்று உதாரணம் காட்டத்தான் முடிந்ததே தவிர, சொல்லின் பொருளைச் சொல்ல வரவில்லை. அன்று இரவு உட்கார்ந்து யோசித்ததும் தேடியதும்தான் இது.

வேரைத் தேடினால் கையில் ஒன்றும் சிக்காது. ‘கேட்ஜெட்’ என்ற ஆங்கிலச் சொல் திரிந்து ‘விட்ஜெட்’ ஆகியிருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம். 1924இல் நியூயார்க்கில் மேடையேறிய ஒரு நகைச்சுவை நாடகத்தில் பெரிய தொழிலதிபர் ஒருவர் வருகிறார். அவருடைய ஆலையில் செய்யும் சரக்கின் பெயர் விட்ஜெட். இன்ன பொருள் என்று இல்லாத ஒரு பொருளுக்கு அங்கே அந்தப் பெயர். பிறகு வணிகப் பாடங்களில் ‘ஓர் ஆலை நாளுக்கு நூறு விட்ஜெட் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம்’ என்று கணக்குப் போட இது வசதியாகிவிட்டது. நாம் ‘ஏதோ ஒரு சாமான்’ என்று சொல்வோமே, அந்த இடம்தான்.

கணினிக்குள் இது வந்த கதை எனக்கு இன்னும் பிடித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983இல் அதீனா திட்டம் தொடங்கியது. வளாகம் முழுவதும் மாணவர்களுக்குக் கணினி கொண்டுசேர்க்கும் வேலை. அதற்காக 1984இல் எக்ஸ் என்ற சாளர அமைப்பு உருவானது. லினக்ஸ் மேசைக்கணினிகளின் திரையை நெடுங்காலம் தாங்கியது அதுவே. எக்ஸ் கொடுத்தது வெறும் சாளரங்களை மட்டும். பொத்தான், உருள்பட்டை, எழுதும் கட்டம் எல்லாவற்றையும் ஒவ்வொரு நிரலரும் தானே வரைந்துகொள்ள வேண்டியிருந்தது. இவற்றைத் தயாராகச் செய்து கொடுப்போம் என்று ஒரு கருவித்தொகுதி எழுதினார்கள். அப்படிச் செய்துவைத்த ஒவ்வொன்றையும் பொதுவாக எப்படி அழைப்பது என்ற கேள்வி அப்போது வந்தது. அந்தத் தொகுதியைப் பற்றி ரால்ஃப் ஸ்விக், மார்க் ஆக்கர்மன் இருவரும் 1988இல் எழுதிய கட்டுரையில் பதில் இருக்கிறது. மற்ற சொற்களிலெல்லாம் வேறு வேறு பொருள்கள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தன, அதனால் விட்ஜெட்டை எடுத்தோம் என்கிறார்கள். ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் பின்னால் ஒரு சாளரம் இருந்தது, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்று, அதுவும் ஒரு வசதி என்கிறார்கள்.

ஆக, பொருள் இல்லை என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட சொல் இது. அந்த மாணவிக்குப் புரியாமல் போனதில் அவள் தவறு எதுவும் இல்லை.

பிறகு அந்தச் சொல் பரவியது. 1991இல் வெளியான டிகே என்ற கருவித்தொகுதி அதைக் கைக்கொண்டது. அவள் படிக்கும் டிகேஇன்டர் அதன் பைத்தான் வடிவம். ஜிம்ப் என்ற படத் திருத்திக்காகப் பிறந்த ஜிடிகே, நார்வேயிலிருந்து 1995இல் வந்த க்யூட் என எல்லாவற்றிலும் விட்ஜெட். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1992இல் தொடங்கிய ஒரு தொகுதிக்கு முதலில் டபிள்யூஎக்ஸ்-விண்டோஸ் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டதன் பேரில் 2004இல் அதை டபிள்யூஎக்ஸ்-விட்ஜெட்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். மைக்ரோசாஃப்டோ தன் விண்டோஸில் இதே பொருள்களைக் கண்ட்ரோல் என்கிறது. ஜாவா என்ற நிரல்மொழியின் உலகில் காம்பொனென்ட். ஒரே பொருளுக்குக் கடைக்குக் கடை வேறு பெயர் என்பது தெரியாமல், இவையெல்லாம் தனித்தனிப் பாடம் என்று நினைத்துத் திணறும் புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவள் கேட்ட மழைக் கட்டம் வேறு கிளை. 2003இல் கான்ஃபாபுலேட்டர் என்ற மென்பொருள், மேசைத்திரையில் மிதக்கும் சின்னச் சின்ன நிரல்களுக்கு விட்ஜெட் என்று பெயர் வைத்தது. 2005இல் ஆப்பிள் தன் மேக் கணினியில் டேஷ்போர்டு கொண்டுவந்தபோது அதே பெயரை வைத்தது. அங்கிருந்து கைப்பேசி முகப்புக்கு வந்துவிட்டது. கடிகாரம், வானிலை, நாட்காட்டி என இவை ஒவ்வொன்றும் திரையில் தனித்து நிற்கும் ஒரு சின்ன நிரல் போல. பொத்தானோ ஒரு நிரலுக்குள் இருக்கும் பகுதி. இரண்டும் வேறு வேறு பொருள் என்றாலும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். தமிழில் நாமும் ஒரே பெயர் வைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. முகப்புத் திரையில் மிதப்பதற்குக் குறுஞ்செயலி என்பது போதும், சொன்னதும் விளங்கிவிடும். சிக்கல் மற்றதில்தான்.

விட்ஜெட் என்றே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கடன் வாங்குவது குற்றமில்லை. பொத்தான் என்பது போர்த்துக்கீசியச் சொல். மேசையும் ஜன்னலும் சாவியும் அலமாரியும் அப்படியே கப்பலில் வந்தவை. மேசைக்கணினி, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலில் ஒரு பொத்தான் என்று சொல்லும்போது மூன்றுமே போர்த்துக்கீசியம் என்று யாருக்குத் தோன்றுகிறது? ஜன்னலுக்கு நம்மிடம் சாளரம் இருந்தது. அதைவிட அழகாகக் காலதர் என்றும் ஒரு சொல் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி, காற்று வரும் வழி. ஆங்கிலத்தின் ‘விண்டோ’வும் பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றின் கண்’ என்று பிறந்ததுதான். எங்கோ இரண்டு மொழிகள் ஒரே பொருளை ஒரே விதமாகப் பார்த்திருக்கின்றன என்று நினைக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் பொத்தான் வந்தபோது சட்டையோடு வந்தது. கண்ணால் பார்த்து, கையால் போட்டுப் பழகிய பிறகு சொல் தானாக ஒட்டிக்கொண்டது. விட்ஜெட் எதையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. சொல் என்றால் பொருளைக் குறிக்க வேண்டும் என்பது நம் இலக்கணத்தின் பழைய நிலைப்பாடு. படிக்க வரும் பிள்ளையிடம் பொருளில்லாத ஓர் ஒலியைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, எந்தச் சொல்? கருவி சரிவராது. கருவித்தொகுதி, கருவிப்பட்டை என்று அது ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. துணுக்கு என்றால் பத்திரிகைத் துணுக்குதான் நினைவுக்கு வரும். கூறு என்பதைப் பலர் விரும்புகிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம். சந்தையில் தக்காளியைக் குவியல் குவியலாகப் பிரித்து ‘கூறு இருபது ரூபா’ என்று விற்கிறார்களே, அந்தக் கூறுதான் என் காதில் விழுகிறது. முழுதாக இருந்ததைப் பங்கு பிரித்தால் வருவது கூறு. ஒரு கூறை எடுத்துவிட்டால் மற்றக் கூறுகளுக்கு ஒன்றும் ஆகாது. திரையில் இருப்பவை அப்படி இல்லை.

எனக்குப் பொருந்திவருவது உறுப்பு. உறு என்றால் சேர், பொருந்து, தொடு. உடலோடு பொருந்தி இருப்பதால் அது உறுப்பு. பகுபத உறுப்பு, செய்யுள் உறுப்பு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். தனியே நின்றால் பொருளில்லாத விகுதியும் இடைநிலையும் சொல்லுக்குள் பொருந்தி நின்று வேலை செய்வதைப் போலத்தான் பொத்தானும் எழுதும் கட்டமும். டிகேயில் எந்த உறுப்பைச் செய்தாலும் முதலில் அதன் தாய் யார் என்று சொல்ல வேண்டும். சாளரத்துக்குள் சட்டகம், சட்டகத்துக்குள் பொத்தான் என்று ஒரு குடும்ப மரம் அமைகிறது. சட்டகத்தை அழித்தால் உள்ளே இருக்கும் பொத்தானும் சேர்ந்து போய்விடும். உடலில்லாமல் கை இல்லை. ‘உறுப்பு’ என்று சொல்லிவிட்டால் இந்த விதியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்று ஐம்புலன்களை எண்ணுகிறோமே, அதில் ஊறு என்பது தொடு உணர்வு. அதுவும் இந்த ‘உறு’ பெற்ற பிள்ளைதான். தொட்டால் உணர்வது உறுப்பு. சொடுக்கியை, அதாவது மவுஸை, மேலே கொண்டுபோனால் நிறம் மாறுவதும், அழுத்தினால் உள்ளே போவதும், விட்டால் வேலையைத் தொடங்குவதும் அந்த உணர்வுதானே.

ஓர் இடைஞ்சல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கணிதப் பாடத்தில் கணத்தின் உறுப்பு என்கிறோம். நிரலாக்கத்தில் ‘கிளாஸ்’ எனப்படும் வகுப்பின் உள்ளே இருப்பவற்றையும் உறுப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. குழப்பம் வரும் இடங்களில் முகப்புறுப்பு என்று முழுதாகச் சொல்லலாம். முகப்பு என்றது நிரலின் முகப்பை. இடைமுகம் என்ற சொல்லும் நன்றாக வேரூன்றிவிட்டதால், ‘இடைமுக உறுப்பு’ என்று எழுதினாலும் எனக்குச் சம்மதமே. பேச்சில் வெறும் உறுப்பு போதும். நிரல் வரியில் மட்டும் அந்த மொழி எப்படி எழுதுகிறதோ அப்படியே எழுத வேண்டும், அதில் மாற்றமில்லை.

அவள் செய்ய நினைத்த உடல் உருவம் எந்தத் தொகுதியிலும் தயாராகக் கிடைக்காது. அது தானே வடிவமைக்கும் உறுப்பு. தன்னுருவுறுப்பு என்றெல்லாம் சொல் கட்டத் தேவையில்லை, ‘சொந்த உறுப்பு’ என்றே நான் சொல்கிறேன். சொந்த உறுப்புக்கு மூன்று கடமைகள் உண்டு. தன்னைத் தானே வரைந்துகொள்ள வேண்டும். தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தாயிடம் சொல்ல வேண்டும். தொடுவதையும் தட்டுவதையும் கேட்டுப் பதில் தர வேண்டும்.

புதியவர்கள் முதல் கடமையோடு நிறுத்திவிடுவார்கள். அதிலும் பாதிதான் செய்வார்கள். ஒரு பொத்தானுக்குச் சும்மா இருக்கும் தோற்றம் ஒன்று, சொடுக்கி மேலே வந்தபோது ஒன்று, அழுத்தும்போது ஒன்று, விசைப்பலகையின் கவனம் அதன்மேல் இருக்கும்போது ஒன்று, முடக்கி வைத்திருக்கும்போது மங்கலாக ஒன்று என ஐந்து முகங்கள் உண்டு. முதல் முகத்தை மட்டும் அழகாக வரைந்துவிட்டு ‘ஏதோ உயிர் இல்லாத மாதிரி இருக்குக்கா’ என்பார்கள்.

இரண்டாவது கடமையில் தமிழ் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு பாடம் இருக்கிறது. அவள் எண்பது படப்புள்ளி அகலத்தில் கட்டம் போட்டு அதில் ‘முன்கழுத்து ஆழம்’ என்று எழுதினாள். ‘முன்கழு’ என்று நின்றுவிட்டது. உயரத்தையும் அவளே இறுக்கி வைத்திருந்ததால் ‘மு’வின் கீழ்ச்சுழி அறுந்து ‘ம’ மாதிரி தெரிந்தது. தமிழில் மேலே கீயின் சுழியும் வேண்டும், கீழே மூவின் வாலும் வேண்டும். அளவை நாம் எண்ணாக எழுதிவைக்காமல், எழுத்தைப் பார்த்து உறுப்பே கணக்கிட்டுக்கொள்ளும்படி விட்டால் இந்தத் தொல்லை இல்லை. தையல் கடைப் பெண்ணுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. “ஆள பாக்காம துணிய வெட்டுன மாதிரி பண்ணிட்டேன்” என்று அவளே சொல்லிவிட்டாள்.

மூன்றாவது கடமை போன வாரம் வந்தது. உருவம் அருமையாக அமைந்துவிட்டது. டிகேஇன்டரில் ‘கேன்வாஸ்’ எனப்படும் வரைபரப்பில் தோள், கை, இடுப்பு எல்லாம் வரைந்து, சொடுக்கினால் எண் கட்டம் திறக்கிறது. அம்மா ஒரு கையில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் டேப் விசையைத் தட்டித் தட்டி ஒவ்வோர் அளவாகப் போகப் பார்த்திருக்கிறார். கீழே இருந்த ‘சேமி’ பொத்தானுக்குப் போகிறது. தோளுக்கும் இடுப்புக்கும் போகவே இல்லை.

எனக்குக் குரல்செய்தி அனுப்பினாள். பின்னால் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. “அக்கா, டேப் தட்டுனா தோளுக்கு வரமாட்டேங்குது. ஒரு மணி நேரம் தேடிப் பாத்தேன்” என்று தொடங்கியவள் கொஞ்சம் நிறுத்தினாள். “இருங்க, இருங்க. வரைபரப்பு மட்டும்தான உறுப்பு? தோள நான் அதுமேல கோடாத்தான வரைஞ்சு வெச்சிருக்கேன். அத இன்னும் உறுப்பா ஆக்கலியே.”