ஆமையின் துடுப்பும் வௌவாலின் இறக்கையும்

பாலாற்றங்கரையில் எங்கள் ஊர் ஆலமரத்தில் பொழுது சாய்ந்ததும் பழந்தின்னி வௌவால்கள் கிளம்பும். வேலூர் வெயிலில் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கி, இறக்கையையே விசிறியாக வீசிக்கொண்டிருந்தவை. விரித்தால் அந்த இறக்கை நாலடி அகலம் வரும்.

போன மாசியில் சென்னைக் கடற்கரையில் ஒரு பங்குனி ஆமை முட்டையிட ஏறி வந்ததைப் பார்த்தேன். மணலைத் துழாவிய அந்தத் துடுப்பைப் பார்த்தபோது எனக்கு ஊர் வௌவால்தான் நினைவுக்கு வந்தது. இரண்டும் கைதான். தோள் பக்கம் ஒரு எலும்பு, முன்கையில் இரண்டு, மணிக்கட்டில் சின்னச் சின்ன எலும்புகள், அப்புறம் ஐந்து விரல். நம் கையும் இதே அமைப்புதான். வௌவாலுக்கு முன்கை எலும்பில் ஒன்று மெலிந்து தேய்ந்திருக்கும், அவ்வளவே.

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவே ஆமைக்குச் சின்னத் துடுப்பே போதும், ஆனால் அது வளையாமல் விறைப்பாக இருக்க வேண்டும். விரல் எலும்புகள் நீண்டு, தோலுக்குள் ஒன்றோடொன்று இறுகக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் கையை மேலும் கீழும் அடித்து, பறவை பறப்பதுபோலவே கடலில் போகிறது. திசை திருப்பவும் குழி தோண்டவும் பின்கால்கள்.

காற்றோ பிடி கொடுக்காது. அதனால் வௌவாலுக்குப் பரப்பு வேண்டும். நாலு விரல்கள் குடைக்கம்பி மாதிரி நீண்டு, நடுவே மெல்லிய சவ்வு. கீழே அடிக்கும்போது விரியும், மேலே தூக்கும்போது பாதி மடங்கும். ஒவ்வொரு அடிக்கும் இறக்கையின் வடிவம் மாறுகிறது.

இந்தச் சவ்வு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. தாய் வயிற்றில் நம் விரல்களுக்கு நடுவிலும் சவ்வு இருந்தது. சுமார் எட்டாவது வாரத்தில் அந்தச் செல்கள் தாமாகவே மடிந்து விரல்கள் பிரிகின்றன. வௌவாலின் கையிலோ ‘மடியாதே’ என்று தடுக்கும் புரதங்கள் சுரப்பதாக ஓர் ஆய்வு சொல்கிறது. சவ்வு தங்கிவிடுகிறது. அதே குட்டியின் காலில் வழக்கம்போல மடிந்துபோகும். கால்விரல்கள் தனித்தனியாக இருந்தால்தானே கிளையைப் பற்ற முடியும்?

பெருவிரல் மட்டும் சவ்வில் சிக்காமல், கொக்கி நகத்தோடு வெளியே நிற்கும். தரையில் விழுந்த வௌவால் அதை மரப்பட்டையில் மாட்டித்தான் மேலே ஏறும்.

அன்றிரவு சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் ஆமையின் துடுப்பைக் குனிந்து பார்த்தேன். முன் ஓரத்தில் சிறிதாக ஒரு நகம் இருந்தது. அதுவும் பெருவிரல் நகம்தான்.