வெயிலில் வீரியம் இழக்கும் இன்சுலின்

“அளவைக் கூட்டியும் சர்க்கரை குறையவில்லை” என்று சொல்பவர்களிடம் மருந்தாளுநராக நான் முதலில் கேட்பது, இன்சுலினை வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். கோடையில் வரும் பதில்கள் கவலை தருபவை: தொலைக்காட்சிப் பெட்டியின் மேல், அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில், ஸ்கூட்டர் இருக்கைக்குக் கீழே.

இன்சுலின் ஒரு புரதம். சூடு ஏற ஏற அதன் மூலக்கூறுகள் சிதைகின்றன. ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. வெப்பநிலைக்கும் வினை வேகத்துக்கும் உள்ள தொடர்பை 1889-இல் ஸ்வீடன் வேதியியலாளர் அர்ரீனியஸ் சமன்பாடாக்கினார். ஏறத்தாழச் சொன்னால், 10 டிகிரி செல்சியஸ் கூடும்போது பல வினைகளின் வேகம் இரண்டு அல்லது மூன்று மடங்காகும். அந்தக் கணக்கில் 5 டிகிரியில் நடக்கும் சிதைவு, 35 டிகிரியில் 8 முதல் 27 மடங்கு வேகமாக நடக்கும். திறக்காத குப்பியின் காலாவதித் தேதி 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்தால் மட்டுமே செல்லும். மருந்தைக் கையில் கொடுக்கும்போதே நாங்கள் இதைச் சொல்லியாக வேண்டும். பல கடைகளில் யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

குளிர் நல்லது என்று ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் உதவாது. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டே சரியான இடம். திறந்த குப்பியைப் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் வெளியே வைக்கலாம். ஆனால் வேலூர், மதுரைக் கோடையில் வீட்டு அறையே அதைத் தாண்டிவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் இறுக மூடிய டப்பாவில் போட்டு, தண்ணீர் உள்ள மண்பானைக்குள் வைக்கலாம். பானைச் சுவரில் கசியும் நீர் ஆவியாகி, உள்ளே சில டிகிரி குறையும்.

நான் அதிகம் அஞ்சுவது இதற்கு அடுத்து நடப்பதை. வீரியம் குறைந்த மருந்தைப் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை ஏறுகிறது. மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். பிறகு ஒருநாள் புதுக் குப்பியைத் திறக்கிறார்கள். கூட்டிய அளவு, முழு வீரியம். சர்க்கரை சட்டென இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரை போகலாம்.

தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலோ, பால்நிற வகை உருட்டிய பிறகும் கட்டிகட்டியாக நின்றாலோ உடனே மாற்றுங்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் வீரியம் போயிருக்கலாம். சந்தேகம் வந்தால் ஊசியை நிறுத்தாமல் புதுக் குப்பி வாங்குங்கள். பழையது இருந்த இடத்தை, அளவை மாற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.