டிராப்பாக்ஸ் பப்ளிக் ஃபோல்டர்: கோப்பு பத்திரம், லிங்க் போச்சு

பழைய வலைப்பதிவில் படம் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த சின்னம் தெரியும். "டவுன்லோடு செய்ய இங்கே" என்பதை அழுத்தினால் 404 (பக்கம் இல்லை) வரும். அந்த முகவரியில் கோப்புகளைச் சேமிக்கும் இணையச் சேவையான டிராப்பாக்ஸின் பெயரும், அதையடுத்து 'யு' என்ற ஒற்றை எழுத்தும், பின்னால் ஓர் எண்ணும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். 2017-ல் மூடப்பட்ட பப்ளிக் ஃபோல்டரின் லிங்க் அது.

இந்த ஃபோல்டரில் எதைப் போட்டாலும் உடனே பொதுவில் கிடைக்கும். பயனர் எண், ஃபோல்டர் பாதை, கோப்பின் பெயர் மூன்றும் சேர்ந்தால் முகவரி. எச்டிஎம்எல்லில் எழுதிய இணையப்பக்கம்கூட பிரவுசரில் அப்படியே திறக்கும் என்பதால் சிறு தளங்களையே பலர் இதில் நடத்தினார்கள். கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் படம் ஏற்றலாம். எம்பி3, பிடிஎஃப், தீமுக்கான (தளத்தின் தோற்றத்தை அமைக்கும்) சிஎஸ்எஸ் கோப்பு ஆகியவற்றை ஏற்ற இடமில்லை. அந்தக் குறையை இது தீர்த்து வைத்தது.

நிறுத்தம் ஒரே நாளில் வரவில்லை. 2012 அக்டோபருக்குப் பின் தொடங்கிய கணக்குகளுக்கு இந்த ஃபோல்டர் தானாக வரவில்லை. 2016 அக்டோபர் 3 முதல் இலவசக் கணக்குகளில் எச்டிஎம்எல் பக்கங்கள் திறக்கவில்லை. 2017 மார்ச் 15-ல் இலவசக் கணக்குகளுக்கும், செப்டம்பர் 1-ல் காசு கட்டியவர்களுக்கும் பப்ளிக் ஃபோல்டர் சாதாரணத் தனி ஃபோல்டராக மாறியது. எச்டிஎம்எல் பக்கங்கள் நிற்பதற்குச் சற்று முன்பு, 2016 ஆகஸ்ட் 31-ல், கூகுள் டிரைவும் தன் இணையப்பக்க ஹோஸ்டிங்கை மூடியிருந்தது. அங்கிருந்து இங்கே குடிபெயர்ந்தவர்களுக்கு மறுபடியும் அதே அடி.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எண்ணும் பெயரும் தெரிந்தால் முகவரியை ஊகித்துவிடலாம். மோசடிப் பக்கங்களுக்கும் வசதியான இடம். ஆனாலும் "ஷேர்டு லிங்க் (ஒரு கோப்பைப் பிறரோடு பகிரத் தரும் இணைப்பு) இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள்" என்ற பதில் பயனர்களைக் கொதிக்க வைத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டும் ஒரே சாமான் அல்ல.

முதல் சிக்கல், ஷேர்டு லிங்க் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியான, கன்னாபின்னா எழுத்துக்கோவை. 300 கோப்பு இருந்தால் 300 லிங்க் எடுத்து, பழையது எது, புதியது எது என்று அட்டவணை போட வேண்டும். ஒரே 'ஃபைண்ட் அண்ட் ரீபிளேஸ்' போதாது. இரண்டாவது, இணையப்பக்கத்துக்குள்ளிருந்து அடுத்த ஃபோல்டரின் படத்தை அழைக்கும் சார்பு முகவரிகள் செத்துவிடும். மூன்றாவது, அந்த லிங்க் திறப்பது கோப்பை அல்ல, முன்னோட்டப் பக்கத்தை. அதைப் படத்தின் முகவரியாகக் கொடுத்தால் ஒன்றும் தெரியாது.

மூன்றாவதற்கு மட்டும் எளிய மருந்து உண்டு. முகவரியின் வாலில் 'டிஎல்=0' என்றிருப்பதை 'டிஎல்=1' ஆக்கினால் கோப்பு நேரே இறங்கும்; 'ரா=1' ஆக்கினால் படம் பக்கத்திலேயே தெரியும். பலர் இங்கே சறுக்குவது, கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் புதிதாக எழுதுவதில். இப்போதைய லிங்குகளில் 'ஆர்எல்கீ' என்றொரு சாவியும் அதே இடத்தில் இருக்கும். அது போனால் லிங்கும் போச்சு. கடைசித் துண்டை மட்டும் மாற்றுங்கள்.

பழுது பார்க்க, முதலில் எத்தனை உடைந்திருக்கின்றன என்று தெரிய வேண்டும். பிளாகரில் செட்டிங்ஸ் வழியே பேக்கப் எடுத்து, நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற ஒன்றில் திறந்து டிராப்பாக்ஸ் என்று தேடுங்கள். தீம் அந்த பேக்கப்பில் வராது. அதைத் தனியாக இறக்கிப் பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் அதன் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி-மாற்றும் கட்டளையை 'டிரை ரன்' முறையில் ஓட்டினால் எதையும் தொடாமல் எண்ணிக்கை சொல்லும். அவசரப்பட்டு டேட்டாபேஸில் நேரடியாக மாற்றாதீர்கள்: சில செட்டிங்குகள் எழுத்து எண்ணிக்கையோடு சேமிக்கப்படுகின்றன, முகவரியின் நீளம் மாறினால் விட்ஜெட்டுகள் காலியாகிவிடும். பாட்காஸ்ட் நடத்துபவர்கள் ஆடியோ முகவரியை மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள 'ஜியுஐடி'யை (தனி அடையாளக் குறியை) மாற்றக் கூடாது. மாற்றினால் பழைய பகுதிகள் எல்லாம் புதிதாக வந்தவைபோலக் கேட்பவர்களின் செயலியில் குவியும்.

புது இடம் தேடும்போது கோப்பு எங்கே என்பதைவிட முகவரி யாருடையது என்பதைப் பாருங்கள். சொந்த டொமைனில் ஒரு துணை டொமைன் வைத்து, அங்கிருந்து உண்மையான இடத்துக்குத் திருப்பிவிட்டால், நாளை அந்தச் சேவை மூடினாலும் ஒரே ஒரு பட்டியலைத் திருத்தினால் முடிந்தது. திருப்பிவிடும்போது 301 (நிரந்தரம்) வேண்டாம், 302 (தற்காலிகம்) வையுங்கள். 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போகும். சிறு கோப்புகளுக்கு கிட்ஹப் பேஜஸ் என்ற இலவசத் தளச் சேவை போதும்: ஒரு கோப்பு 100 எம்பிக்குள், மொத்தத் தளம் 1 ஜிபிக்குள். கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் கோப்புச் சேமிப்புச் சேவையான ஆர்2-வில் 10 ஜிபி வரை இலவசம். அது தரும் சோதனை முகவரியில் வேகக் கட்டுப்பாடு உண்டு என்பதால் சொந்த டொமைனை இணைத்துத்தான் வெளியிட வேண்டும்.

பிறருடைய மன்றங்களில் இட்ட பழைய பதிவுகளையும், அச்சில் போன க்யூஆர் கோடுகளையும் திருத்த வழியில்லை. நீங்கள் வாசகராக அங்கே மாட்டிக்கொண்டால், உடைந்த முகவரியை முழுதாக நகலெடுத்து பழைய இணையப்பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள். 2017-க்கு முன் யாராவது சேமித்திருந்தால் கோப்பே கிடைக்கும்.